சைக்கிள் ரியூப்பும் மணலும்: காசைக் கரைக்காமல் வீட்டுச் சத்தத்தைக் குறைப்பது

மூத்தவள் உயர்தரத்துக்குப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வீடு இவ்வளவு சத்தமான வீடு என்று எனக்கே தெரிந்தது. அதற்கு முன்னும் இதே சத்தம்தான் இருந்திருக்கும், காது பழகிப் போயிருந்தது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வீடு. வடக்கே கோயில், மேற்கே ஒழுங்கை, தெற்கே பக்கத்து வளவு நாய், உள்ளே மாமியோடு சேர்த்து ஆறு பேர். "இந்த வீட்டிலை இருந்து படிக்கேலாதம்மா" என்று அவள் ஒரு நாள் அழுதுவிட்டாள். இவர் அடுத்த நாளே தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து அறையைக் காட்டினார். வந்தவர் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடிக்க வேண்டும், சீலிங் போட வேண்டும், யன்னலை மாற்ற வேண்டும் என்று அடுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு இன்னொரு அறையே கட்டலாம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு நாங்களே செய்தோம். எல்லாம் சேர்த்து 6,000 ரூபாவுக்குள் முடிந்தது, அதிலும் பாதி ஒரு விசிறி ரெகுலேற்றருக்கும் மேசனின் அரை நாள் கூலிக்கும் போனது. செய்ததையும், செய்து பிழையாய்ப் போனதையும் எழுதுகிறேன்.

முதல் வேலைக்குக் காசே வேண்டாம். ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு, எந்த அறை அமைதியாக வேண்டுமோ அந்த அறைக்குள் மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை இருங்கள். சத்தம் கேட்கக் கேட்க நேரத்தையும் என்ன சத்தம் என்பதையும் எழுதுங்கள். நான் கோயிலையும் நாயையும் ஒழுங்கையில் போகும் மோட்டார் சைக்கிள்களையும்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டு போய் இருந்தேன். கொப்பியில் 23 வரி வந்தது, அதில் 15 எங்கள் வீட்டுச் சத்தம். தண்ணி மோட்டர், கிரைண்டர், மாமியின் ரிவி, இரும்புக் கேற், சின்னவன் கதிரையை இழுப்பது, குசினியில் நான் சட்டிமூடியைப் போடுவது (இதை எழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது). வெளியில் இருப்பவரோடு சண்டைக்குப் போக முதல் இந்தக் கணக்கை எடுத்துவிடுங்கள்.

கைத்தொலைபேசியில் சத்தத்தின் அளவை டெசிபலில் காட்டும் செயலி இருந்தால் அதையும் பக்கத்தில் வைக்கலாம். அது காட்டும் எண் சரியான எண்ணாக இருக்காது, ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து முன்னுக்கும் பின்னுக்கும் அளந்தால் எவ்வளவு குறைந்தது என்பது பிடிபடும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியானதுபோல இருக்கும். நித்திரை கொள்ளும் அறைக்குள் இரவில் சராசரியாக 30 டெசிபல்தான் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மனத்தைக் குழப்ப வேண்டாம், எங்கள் பக்கத்து வீடுகளில் அது நடக்காது.

சத்தம் ஒரு அறைக்கு மூன்று விதமாக வரும், இதைப் பிரித்துப் பார்க்காமல் எதை வாங்கினாலும் காசு வீண். ஒன்று காற்றோடு வருவது: கோயில் பாட்டு, நாய், ரிவி. இரண்டாவது சுவராலும் நிலத்தாலும் வருவது: மோட்டரின் அதிர்வு, கிரைண்டர், கதிரை இழுப்பு. மூன்றாவது அறைக்குள்ளேயே பிறந்து சுவருக்குச் சுவர் மோதித் திரிவது, அதாவது எதிரொலி. முதலாவதற்கு ஓட்டையை அடைக்க வேண்டும், இரண்டாவதற்கு அதிர்கிற பொருளுக்கு அடியில் ஏதாவது வைக்க வேண்டும், மூன்றாவதற்குத் துணியும் மெத்தையும் வேண்டும். அன்று வந்தவர் மூன்றுக்கும் ஒரே பஞ்சுப் பலகையைத்தான் சொன்னார். மென்மையான பஞ்சு எதிரொலியைத்தான் குடிக்கும், வெளிச்சத்தம் அதற்குள்ளால் தாராளமாக வரும். வெளிச்சத்தத்தை மறிக்கப் பாரம் வேண்டும்: கல், மண், மணல், தடிப்பான பலகை.

ஆனால் எங்கள் ஊர் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வெக்கைக்குக் காற்று வர வேண்டும் என்றுதான் வீட்டையே கட்டியிருக்கிறார்கள். யன்னலுக்கு மேலே ஓட்டை விட்ட கல், ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி, கதவுக்கு அடியில் அரை அங்குலம். காற்று வருகிற எல்லா வழியாலும் சத்தமும் வரும். ஒரு சுவரில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் மிச்சச் சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அது 20 டெசிபலுக்கு மேல் மறிக்காது. 10 அடிக்கு 10 அடி சுவரில் நூறில் ஒரு பங்கு என்றால் ஒரு சதுர அடி, யன்னலுக்கு மேலே இருக்கும் அந்த ஓட்டைக் கற்களைக் கூட்டினாலே அவ்வளவு வந்துவிடும். அதற்காக எல்லாவற்றையும் அடைத்தால் பங்குனி சித்திரையில் உள்ளே இருந்து அவிய வேண்டியதுதான்.

அதனால் வீடு முழுவதையும் அமைதியாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு அறையைத் தெரிவு செய்யுங்கள். எங்களுக்கு மிகப் பெரிய மாற்றம் வந்தது இதில்தான், ஒரு சதமும் செலவில்லை. மூத்தவளின் அறை ஒழுங்கைப் பக்கம் இருந்தது, வடக்குச் சுவர் கோயிலைப் பார்த்தபடி. எங்கள் அறை பின்பக்கம், கிழக்கே கிணற்றடியைப் பார்த்தது. இரண்டையும் மாற்றினோம். வெளியில் ஒரு இடத்திலிருந்து வரும் சத்தம், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் அளவு குறையும். அதோடு வீடே இடையில் நின்று மறிக்கும். பின் அறையில் கோயில் பக்க யன்னலைச் சாத்திவிட்டு, கிழக்கு யன்னலைத் திறந்து வைத்தால் காற்றும் வருகிறது, அவளுக்கும் படிக்க முடிகிறது. இப்போது ஒழுங்கைச் சத்தம் எங்களுக்கு. இவருக்கு என்ன சத்தம் வந்தாலும் நித்திரை குழம்பாது.

அப்புறம் ஓட்டைகள். கதவுதான் முதலில். அறைக்குள் நின்று கதவைச் சாத்தி, வெளியில் யாரையாவது ரோர்ச் அடிக்கச் சொல்லுங்கள், வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சத்தம் வருகிற இடம். நிலையைச் சுற்றி ஒட்ட ஹாட்வெயாரில் பசையோடு பஞ்சு நாடா விற்கிறார்கள். நான் வாங்கி ஒட்டினேன், எங்கள் ஊர் வெயிலுக்கு மூன்று மாதத்தில் பொடியாகக் கொட்டியது. பிறகு சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட ரியூப் இரண்டு கேட்டு வாங்கி, நீளமாக வெட்டி, நிலையில் கதவு முட்டும் இடத்தில் சின்ன ஆணியால் அடித்தோம். இன்னும் அசையாமல் இருக்கிறது, கதவு அடித்துச் சாத்தும் சத்தமும் கூடவே போய்விட்டது. கடைக்காரர் காசு வாங்கவில்லை.

கதவடிக்கு: பழைய டெனிம் காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மணல் நிரப்பி, மற்ற முனையையும் தைத்துக் கதவுக்கு அடியில் போடுங்கள். தும்பு நிரப்பினால் இலகுவாக இருக்கும், ஆனால் மணல்தான் பாரம், பாரம்தான் மறிக்கும். கடல் மணல் வேண்டாம், அதில் உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்து நிலமெல்லாம் கசியும். கட்டிட மணலைக் காயவைத்து அரித்துப் போடுங்கள், துணி இரண்டு மடிப்பாக இருக்கட்டும்.

யன்னலைப் பொறுத்தவரை பழைய மரக் கதவு வைத்த யன்னல்தான் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். அதற்கும் ரியூப் நாடா அடித்துக் கொழுக்கியை இறுக்கினால் போதும். புதிதாகப் போடும் தள்ளு அலுமினிய யன்னல் பார்க்க வடிவு, ஆனால் ஓடுகிற தண்டவாளத்தில் எப்போதும் இடைவெளி இருக்கும். இனித்தான் யன்னல் போடப் போகிறீர்கள் என்றால் சத்தப் பக்கத்துக்குப் பிணைச்சலில் திறந்து மூடும் யன்னலாகப் போடுங்கள். தடிப்பான திரைச்சீலை போட்டால் வெளிச்சத்தம் நிற்கும் என்று நினைத்து நானும் போட்டேன். கோயில் பாட்டு அப்படியே கேட்டது, அறை மட்டும் இருட்டானது.

கோயில் பக்கத்து ஓட்டைக் கற்களை மேசனைக் கொண்டு கல் துண்டும் சீமெந்தும் வைத்து அடைத்தோம், அந்த ஒரு சுவரில் மட்டும். மற்றச் சுவரில் இருப்பதைத் தொடவில்லை. வாடகை வீடு என்றால் சாக்குக்குள் மணல் கட்டி உள்ளே செருகலாம், வெளியேறும்போது எடுத்துவிடலாம். மின்சாரம் நிற்கும்போது மண்ணெண்ணெய் விளக்கு வைத்துப் படிக்கிற அறையானால் தயவுசெய்து முழுக்க அடைக்க வேண்டாம், சத்தத்தை விடப் புகை பெரிய ஆபத்து.

இனி அதிர்வுக்கு வருவோம். எங்கள் தண்ணி மோட்டர் கிணற்றடியில் சீமெந்துக் கட்டின் மேல் முறுக்கி வைத்தது, அந்தக் கட்டு வீட்டுச் சுவரோடு ஒட்டியது, குழாயும் அதே சுவரில் கவ்வி அடித்து மேலே தாங்கிக்குப் போகிறது. மோட்டர் ஓடினால் கட்டிலில் தலை வைத்திருப்பவருக்குத் தலையணைக்குள் ஓடுவதுபோல இருக்கும். நான் முதலில் பழைய சிலிப்பர் செருப்பை வெட்டி மோட்டரின் நாலு காலுக்கும் அடியில் வைத்தேன். இரண்டு கிழமையில் ஒரு பக்கம் நசுங்கி மோட்டர் சரிந்து, குழாய்ப் பொருத்து ஒழுகத் தொடங்கிவிட்டது. செருப்பு இதற்கு மிக மென்மை. மோட்டார் வாகன ரயரில் வெட்டிய துண்டுகள்தான் சரி, ரயர் ஒட்டும் கடைகளில் கிடைக்கும். இன்னொரு விஷயம், ரப்பர் வைத்துவிட்டு ஆணியை நேரே இரும்பில் இறுக்கினால் அதிர்வு ஆணி வழியாகப் போய்விடும், ரப்பர் வைத்ததில் பலனில்லை. ஆணித் தண்டைச் சுற்றி ரியூப் துண்டு, தலைக்கு அடியில் ரப்பர் வில்லை. குழாய் சுவரில் தொடும் ஒவ்வொரு கவ்விக்குள்ளும் ரியூப் ஒரு சுற்று. மோட்டரிலிருந்து புறப்படும் இடத்தில் ஓரடி நீளத்துக்கு அழுத்தம் தாங்கும் ரப்பர்க் குழாய் போட்டால் இன்னும் நல்லது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், இவர் ஒருமுறை மறந்தார்.

தாங்கியை எப்போது நிரப்புவது என்பதும் இருக்கிறது. படிக்கிற நேரத்தில் மோட்டர் போடாமல் பின்னேரம் 4 மணிக்குப் போட்டு நிரப்புகிறோம். இதற்கு எந்த ரப்பரும் தேவைப்படவில்லை.

கிரைண்டரைக் குசினிச் சுவரோடு ஒட்டிய சீமெந்துத் தட்டில் வைக்காதீர்கள். நிலத்தில், நாலாக மடித்த சாக்கின் மேல் வையுங்கள். மிக்ஸிக்குச் செருப்புத் துண்டு போதும், அது பாரமில்லை. சம்பலுக்கு நான் இப்போது அம்மிக்கே திரும்பிவிட்டேன், ருசிக்காக என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டி இரைந்தால் அதன் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் நின்றால் அது எங்கோ ஆடுகிறது: சுவரில் முட்டுகிறது, கால் சமமில்லை, அல்லது மேலே வைத்த போத்தல்கள் கிலுகிலுக்கின்றன. இதே உள்ளங்கைச் சோதனை தகரக் கதவு, அலுமாரி, ரிவி மேசை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கூரை விசிறிக்குச் செய்யக் கூடாது! விசிறி தட்டித் தட்டி ஓடினால் நிறுத்திவிட்டு இறக்கைத் தூசைத் துடைத்து, ஆணிகளை இறுக்கிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் குறைந்த வேகத்தில் மட்டும் ம்ம்ம் என்று முனகினால் பெரும்பாலும் ரெகுலேற்றர்தான் காரணம். திருகும்போது படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் வகை அப்படி முனகும். கப்பாசிற்றர் வைத்த, நாலைந்து படியாகத் திரும்பும் வகை முனகாது. எலெக்றீசியனிடம் அதைக் கேட்டு வாங்கி மாற்றுங்கள்.

கதிரைக் கால்கள், மேசைக் கால்கள், கேற்றின் கொழுக்கி: இவற்றுக்குத்தான் பழைய செருப்பு. கேற்றின் பிணைச்சலுக்குக் கிறீஸ் பூசுங்கள், தேங்காயெண்ணெய் புழுதியைப் பிடித்து ஒரு மாதத்தில் முன்னையதை விட மோசமாகக் கத்தும்.

எதிரொலியைக் கண்டுபிடிக்க அறையின் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டுங்கள். டங் என்று இழுத்தால் அறை வெறுமையாக இருக்கிறது. பழைய சிவப்புச் சீமெந்து நிலத்தை உடைத்து ரைல்ஸ் போட்ட எல்லா வீட்டிலும் இந்த டங் கேட்கும், சீமெந்து நிலமும் குறைந்ததில்லை. பாய் விரியுங்கள், ஒரு மூலையில் தும்பு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், புத்தகத் தட்டைச் சத்தம் வரும் சுவரோடு வையுங்கள். நாங்கள் மாமியின் பழைய நூல் சேலைகளை நாலைந்தாக அடுக்கிப் பொருத்திக் கம்பியில் தொங்கவிட்டோம், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. இடைவெளி விட்டால் அதே துணி கூடுதலாகக் குடிக்கும். சின்னவன் எங்கோ பார்த்துவிட்டு முட்டை மட்டைகளைச் சேர்த்துச் சுவர் நிறைய ஒட்டப் போகிறேன் என்று நின்றான். அது வெறும் காகிதம், வெளிச்சத்தத்தை மறிக்காது, கரப்பானுக்கும் பல்லிக்கும் மாளிகை கட்டிக் கொடுத்ததாக முடியும், தீப்பிடித்தால் அதோகதி.

மாமியின் ரிவிதான் எனக்கு மிகவும் சங்கடமான விஷயம். காது மந்தமான ஒருவரிடம் "சத்தத்தைக் குறையுங்கோ" என்று நாளும் சொன்னால் அது சண்டையில் முடியும், முடிந்தும் இருக்கிறது. ஒரு சின்ன ஸ்பீக்கரை வயர் போட்டு இழுத்து அவவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தோம். பத்தடியில் கத்துவதும் இரண்டடியில் பேசுவதும் காதுக்கு ஒன்றுதான். "இப்பத்தான் பிள்ளை அவங்கள் கதைக்கிறது விளங்குது" என்றா. அதன் பிறகு காதைப் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போனபோதும் மறுக்கவில்லை. இதை முதலே செய்திருக்கலாம்.

வெளியே மதில் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கண்ணை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. தகர வேலி சோளகக் காற்றுக்குத் தானே சத்தம் போடும். மதில் மறிக்கும், ஆனால் சத்தம் பிறக்கும் இடத்துக்குக் கிட்டவோ கேட்பவருக்குக் கிட்டவோ இருந்து, இரண்டுக்கும் நடுவில் நேர்ப்பார்வையை மறைத்தால்தான். கோயில்காரர் தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்க்கு ஆறடி மதில் என்ன செய்யும்.

அந்தக் குழாய்க்கு நாங்கள் செய்தது இதுதான். கோயில் எங்களுக்கு வடக்கே, அதனால் வாடைக் காற்றில் சத்தம் எங்கள் பக்கம் தள்ளப்படும், அதோடு விடியப்புறம் நிலத்துக்குக் கிட்ட உள்ள காற்று குளிர்ந்திருப்பதால் மேலே போகும் சத்தமும் வளைந்து கீழே வரும். மார்கழித் திருவெம்பாவைக்கு இரண்டும் சேர்ந்துவிடும். நிலத்தடிக் காற்று இப்படிக் குளிர்வதும் ஒரு காரணமாகத்தான், 2015 தையில் காங்கேசன்துறை வரை திரும்ப ஓடத் தொடங்கிய ரயிலின் கூவல் பகலை விட இரவில் தெளிவாகக் கேட்கிறது. சட்டம் எங்கள் பக்கம்தான். 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நகர, மாநகர சபைப் பகுதிகளில் 63, 50. வைத்தியசாலை, பள்ளிக்கூடம், பொது நூலகம் போன்றவற்றைச் சுற்றி 100 மீற்றருக்கு 50, 45. இரவு என்று விதி சொல்வது மாலை 6 மணியிலிருந்து. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி இல்லை என்று உயர் நீதிமன்றமும் 2007இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நானும் அதே கோயிலில்தான் கும்பிடுகிறேன், பொலிசைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை எந்த முகத்தோடு போவது? பரிபாலன சபை அண்ணை ஒருவரிடம் போய், "அண்ணை, பாட்டை நிப்பாட்டச் சொல்லேல்லை, எங்கடை பக்கம் பாக்கிற குழாயை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பிக் கொஞ்சம் குனிச்சு விடேலுமோ, பிள்ளைக்குச் சோதினை" என்று கேட்டேன். குழாய் ஒலிபெருக்கி தன் வாய் பார்க்கும் திசையில்தான் பலமாகக் கத்தும். அடுத்த நாளே ஒரு பெடியன் தென்னையில் ஏறித் திருப்பிவிட்டான். நான் எதிர்பார்த்ததை விடப் பெரிய வித்தியாசம்.

நாய்க்கும் அப்படித்தான், கட்டும் இடத்தை மாற்றக் கேட்டோம். மாற்றினார்கள், குரைக்கிறது, ஆனால் தூரத்தில் குரைக்கிறது. மிச்சத்துக்குப் பரீட்சைக் காலத்தில் பஞ்சுக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன், மருந்துக் கடையில் கிடைக்கும். சும்மா காதில் செருகினால் பலனில்லை, விரலால் மெல்லிசாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது ஊதி வரும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். காதில் பருத்திப் பஞ்சை அடைப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

கடைசியாகக் கூரை. பின்பக்கத் தாழ்வாரம் தகரம், கார்த்திகை மழைக்கு உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. தகரத்துக்கு மேலே கிடுகை இரண்டு அடுக்காகப் போட்டுக் கம்பியால் கட்டினோம். மழைத்துளி கிடுகில் விழுந்து உடைந்துதான் தகரத்துக்கு வரும், அதனால் சத்தம் தணியும், வெக்கையும் குறையும். அடுப்புப் புகைபோக்கிக்குக் கிட்டப் போடாதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீற் கூரையானால் அதைத் துளைத்து எதையும் கட்டவோ அடிக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கூடாது. கிடுகு ஒரு மாரிக்குத்தான் தாங்கும், கறையானும் வரும், ஒவ்வொரு வருசமும் ஐப்பசி பிறக்க முதல் மாற்றிவிட வேண்டும், மழை தொடங்கிய பிறகு கிடுகுக்கும் விலை ஏறும், ஏறிக் கட்ட ஆளும் கிடைக்காது.